தாய்மாமன் சீரில் வந்த நானூற்றைம்பது

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதன் மேல் மாலை இருந்தது. கடையிலிருந்து வண்டியில் வந்து இறங்கியதல்ல அது. என் மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீராக வந்தது. மேளத்துக்குப் பின்னால் பெண்கள் தாம்பாளங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மஞ்சள், குங்குமம், வளையல், பட்டுப்பாவாடை, வாழைப்பழம், ஒரு தட்டு நிறைய சாக்லேட். கடைசியாக என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், மானிட்டரை நெஞ்சோடு அணைத்தபடி வந்தான். அவனுக்குப் பின்னால் சிநேகிதர்கள் இரண்டு பேர் பெட்டியையும் கீபோர்டையும் சுமந்து வந்தார்கள். பெட்டிக்கு மூன்று பக்கமும் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது.

தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம் அது. நூம்பலில் எங்கள் தெருவில் அதுவரை ஒரு வீட்டிலும் கம்ப்யூட்டர் இல்லை. சென்னீர்குப்பத்தில் நாங்கள் பிடித்திருந்த சின்ன மண்டபத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடக் கை கழுவாமல் எழுந்து வந்து பார்த்தார்கள்.

என் அக்காவும் வந்து பார்த்தாள். என் மனைவி அப்பா இல்லாத வீட்டிலிருந்து வந்தவள். எங்கள் கல்யாணத்துக்கு அவர்கள் பக்கத்திலிருந்து வந்த சீர்த்தட்டு மொத்தம் மூன்று. அதில் ஒன்றை, ஏழெட்டு வயதில், அரைக்கால் சட்டையோடு தூக்கி வந்தது இதே தம்பிதான். அன்றிலிருந்து என் அக்கா வாயில் என் மனைவிக்கு 'மூணு தட்டுக்காரி' என்று பேர். முகத்துக்கு நேரே சொல்லமாட்டாள். காதில் விழுகிற தூரத்தில் சொல்லுவாள்.

"இன்னாடா இது, டிவியா? அதான் ஊட்ல ஒண்ணு கீதே" என்றாள் அக்கா.

"டிவி இல்லக்கா, கம்ப்யூட்டர்" என்றான் மச்சான். மூச்சு வாங்கியது அவனுக்கு. "நானூத்தைம்பது! இந்தாண்ட பூந்தமல்லி, அந்தாண்ட ஆவடி, எவன் ஊட்லயும் நானூத்தைம்பது கெடையாது."

"நானூத்தைம்பதுன்னா? எடையா?"

"வேகம்க்கா, வேகம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என் மனைவி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பந்தியைக் கவனிக்கப் போனாள். பதினைந்து வருஷமாக அவள் சேர்த்து வைத்திருந்த பதில் அந்த நடையில் இருந்தது. நான் பார்த்தேன்.

மச்சான் பட்டணத்தில் கம்ப்யூட்டர் பாகங்களை வாங்கிப் பொருத்திக் கொடுக்கிற ஒரு கடையில் வேலை பார்த்தான். அக்கா மகளுக்கு என்ன சீர் வைப்பது என்று ஒரு வருஷமாக யோசித்து, தன் கையாலேயே பொருத்தியது அது. அந்த வருஷம் நான் வேலையில்லாமல் இருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பதினெட்டு வருஷம் லேத் ஓட்டியவன் நான். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. மிச்சத்தை லேத்தில் படித்தேன். பட்டறையை மூடிவிட்டார்கள். என் மனைவியோ கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். வேலப்பன்சாவடியைச் சுற்றி அப்போது நிறைய காலேஜ்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு பையனும் கடைசி வருஷம் ப்ராஜெக்ட் என்று நூறு பக்கம் எழுதிக்கொண்டு டைப் அடிக்க ஆள் தேடுவான். நாங்கள் வாசல் கேட்டில் ஒரு தகரத்தில் எழுதி மாட்டினோம். ஒரு வாரத்தில் சைக்கிள்கள் வந்து நிற்க ஆரம்பித்தன. எங்கள் குடும்பம் அந்தப் பெட்டியை நம்பி நின்றது என்று சொன்னால் அதில் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை.

காலையில் குளித்து விளக்கேற்றியதும் அவள் செய்கிற முதல் வேலை, மானிட்டர் நெற்றியில் குங்குமம் வைத்து ஸ்விட்சைப் போடுவது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடும். எனக்கு அந்த இங்கிலீஷ் முழுக்கப் புரியாது. ஆனால் மேலே ஒரு எண் வந்து நிற்கும், அது புரியும். 450. அவள் கையைக் கட்டிக்கொண்டு அந்த எண் வரும்வரை நிற்பாள். வந்ததும்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். காத்திருக்கிற பையன்களிடமும் சொல்லுவாள்: "நானூத்தைம்பதுப்பா. எங்க தம்பி குடுத்தது."

தையும் மாசியும் நன்றாகப் போயின. பங்குனி வெயில் ஏற ஆரம்பித்த ஒரு மத்தியானம், அவள் வேகமாக அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்க நீலமாகிவிட்டது. நீலத்தில் வெள்ளை எழுத்து நாலைந்து வரி. எந்தக் கீயைத் தட்டினாலும் அசையவில்லை. அணைத்துப் போட்டோம். 450 வந்தது. ஆனால் அவள் அடித்த மூன்று பக்கம் வரவில்லை.

அடுத்த நாள் இரண்டு தடவை. அதற்கடுத்த நாள் நாலு தடவை. ஒவ்வொரு வரிக்கும் சேவ் பண்ணக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் சேவ் பண்ணும்போதே நின்றுபோய், ஃபைலே திறக்காமல் போனது.

மச்சானை வரவழைத்தோம். வந்தான். பெட்டியைத் திறந்து ஊதினான். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டான். பெரிய ஃபேனாக ஒன்று மாற்றினான். "வைரஸ் மாமா. பசங்க கொண்டார ஃபிளாப்பில கீது" என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துச் சொன்னான். அதை நான் அன்று கவனித்தேன், அர்த்தம் புரியவில்லை. அன்றிலிருந்து என் மனைவி பையன்கள் தரும் ஃபிளாப்பியைச் சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்து எடுத்துத்தான் உள்ளே செருகுவாள். நானும் வேண்டாமென்று சொல்லவில்லை. வைப்பதில் என்ன குறை?

குறை தீரவில்லை. அவள் ராகு காலம் என்று சந்தேகப்பட்டாள். எங்கள் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரில் ராகு காலம், எமகண்டம் எல்லாம் போட்டிருக்கும். தாளைக் கிழித்ததும் நான் அதன் பின்பக்கத்தில் அன்று எத்தனை மணிக்கு நின்றது என்று எழுதி வைத்தேன். பட்டறையில் மிஷின் கோளாறு பண்ணினால் இப்படி எழுதி வைப்போம், அந்தப் பழக்கம். ஒரே தாளுக்கு முன்பக்கம் அவளுடையது, பின்பக்கம் என்னுடையது.

"பாருங்க, செவ்வாய் மூணரைக்கு நின்னுது. புதன் ஒரு மணிக்கு. வியாழன் ரெண்டு மணிக்கு. மூணும் ராகு காலம்" என்றாள்.

நான் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். திங்கட்கிழமை ராகு காலம் காலை ஏழரைக்கு. ஒரு திங்கட்கிழமைகூட அந்த நேரத்தில் நிற்கவில்லை. சனிக்கிழமை ஒன்பது மணிக்கும் நிற்கவில்லை. நடுவில் ஒரு நாள் மழை பெய்தது. அன்று முழுக்கத் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ராகு பகவான் மேல் வீண்பழி போட்டுவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கோளாறு நேரத்தில் இல்லை. சூட்டில் இருந்தது.

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை நேராக வைத்தேன். கூட ஒரு மணி நேரம் ஓடியது, பிறகு நீலம். அந்த நீலத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். லேத்தில் இரும்பைச் சீவும்போது சுருள் சுருளாக விழும். வேகம் சரியாக இருந்தால் சுருள் வெள்ளையாக வரும். தாங்குகிற வேகத்துக்கு மேல் கியரைப் போட்டுவிட்டால் சூடேறிச் சுருள் நீலம் பாய்ந்து வரும். புதிதாக வேலைக்கு வந்தவன்கூட நீலச் சுருளைப் பார்த்தால் உடனே வேகத்தைக் குறைப்பான்.

மச்சான் இதில் கியரை ஏற்றி வைத்திருக்கிறானோ?

மனைவி சாமான் வாங்கப் பூந்தமல்லிக்குப் போயிருந்த நேரம். மகள் பள்ளிக்கூடத்தில். ஃபேனையும் அதன் அடியில் இருந்த அலுமினியக் கட்டியையும் கழற்றினேன். கீழே பிராசஸர், நாலு விரல் அகலம் இருக்கும். அதன் முதுகில் எழுத்து பொடியாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். 300.

அட்டைப் பெட்டியோடு வந்த சின்னப் புத்தகம் ஒன்று பீரோ மேல் கிடந்தது. அதில் படம் இருந்தது. போர்டில் மூன்று ஊசிகள், அதில் இரண்டை இணைத்து ஒரு குட்டி மூடி. ஜம்பர் என்று அதற்குப் பேர். மூடி இந்தப் பக்கம் இருந்தால் அதன் உண்மையான வேகம். அந்தப் பக்கம் மாற்றினால் ஒன்றரை மடங்கு. மூன்று மூட்டை தூக்குகிறவன் முதுகில் நாலரை மூட்டை. எங்கள் பெட்டியில் மூடி அந்தப் பக்கம் இருந்தது.

எனக்குக் கோபமில்லை. மூன்று தட்டில் ஒன்றைத் தூக்கி வந்த பையன்தான் கண்ணில் நின்றான். அவனால் முடிந்தது முந்நூறு. மண்டபத்தில் சொல்ல ஆசைப்பட்டது நானூற்றைம்பது.

மூடியை இந்தப் பக்கம் மாற்றிப் போட்டேன். எல்லாவற்றையும் பொருத்தி ஸ்விட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் 300 என்று வந்து நின்றது. பழைய ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்து, வெயில் உச்சியில் இருக்கிற நேரத்தில், இரண்டு விரலால் எதையெதையோ தட்டினேன். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். ஒரு சிணுங்கல் இல்லை. தெரியாத பாஷையில் இருக்கிற எழுத்துகளைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

அப்போது கேட் சத்தம் கேட்டது.

நான் செய்ததைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. அவள் செருப்பைக் கழற்றிக் காலைக் கழுவி உள்ளே வருவதற்குள், கம்ப்யூட்டரை அணைத்து, மூடியைப் பிடுங்கி, பழையபடி அந்தப் பக்கமே போட்டுவிட்டேன். நோய் தீர்ந்த உடம்பில் திரும்பவும் நோயை வைத்தேன். ஏனென்றால் அவள் மறுநாள் காலையில் குங்குமம் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். 300 என்று வரும். 'இது இன்னா?' என்று கேட்பாள். நான் என்ன சொல்லுவேன்? உன் தம்பி மண்டபத்தில் சொன்னது பொய் என்றா? உன் பிறந்த வீட்டுச் சீர் இவ்வளவுதான் என்று என் வாயாலா? என் அக்கா சொன்னதற்கும் நான் சொல்லுவதற்கும் என்ன வித்தியாசம் இருக்கும்?

"வேர்த்து ஊத்துதே உங்களுக்கு, இன்னா ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. தூசி தட்னேன்."

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினேழு நாள் போனது. காலண்டர் தாள் இருந்ததால் எண்ணிக்கை தெரியும். அந்தப் பதினேழு நாளும் அவள் அடித்தாள், நீலம் வந்தது, திரும்ப அடித்தாள். நான் பக்கத்தில் நின்று விசிறினேன். எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்ய முடியாமல் விசிறிக்கொண்டு நின்றேன். சாமி படத்துக்கு முன்னால் போனால் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. மிஷின் நன்றாக ஓடவேண்டும் என்று கேட்டால், 'நீயே ஓட வைக்கலாமே' என்று முருகன் கேட்பதுபோல் இருந்தது. விபூதியை மட்டும் இட்டுக்கொண்டு சீக்கிரமாக வந்துவிடுவேன்.

பதினேழாவது நாள் ஒரு பையனின் ப்ராஜெக்ட் வந்தது. மறுநாள் காலேஜில் கட்டவேண்டும். மத்தியானம் முழுக்க எங்கள் வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரே பக்கம், நடுவில் பெரிய அட்டவணை உள்ளது, மூன்று தடவை போய்விட்டது. நாலாவது தடவை அவள் அடிக்கும்போது அந்தப் பையன் நகத்தைக் கடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஆயிடும்ல?"

"ஆயிடும்ப்பா. நீ அங்க பாக்காத, வேற எங்கியானா பாரு. கண்ணு பட்டுடப் போவுது."

ஆனது. அவன் பிரிண்டுக்கு ஃபிளாப்பியை வாங்கிக்கொண்டு ஓடினான். அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் சிவந்திருந்தன.

"என் கை ராசி இல்லீங்க" என்றாள். "அவன் ஆசையா குடுத்தான். என் கைக்கு வந்ததும் இப்டி ஆவுது. அதான் ஒண்ணு வேண்டிக்கினேன். இது சரியாச்சின்னா ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில முடி குடுத்துடறேன்னு."

அவள் முடி இடுப்புக்குக் கீழே வரும். அவளிடம் யாரும் குறை சொல்லாத ஒன்று அதுதான். என் அக்காகூட அதில் வாய் வைத்ததில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன். மச்சான் வேலை முடிந்து வந்து இறங்குகிற நேரம் எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார வைத்தேன்.

"மச்சான், பிராசஸர் முதுவ பாத்துட்டேன்" என்றேன்.

கிளாசைக் கீழே வைத்தான்.

"எத்தினி நாளாச்சி பாத்து?"

"பதினேழு நாளு."

"அக்காவுக்கு?"

"தெரியாது."

"சத்தியமா ஓடும்னுதான் நெனச்சேன் மாமா. கடையில எல்லாரும் பண்றாங்க. குளுர்ல ஓடிச்சில்ல? வெயிலு வந்து கவுத்துடுச்சி." கையைப் பிடித்துக்கொண்டான். "அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம் மாமா. இன்னா வேணா பண்றேன்."

"ஜம்பர மாத்தினா நம்பர் தெரியும்டா. தெனம் பாக்குறா அவ."

அவன் யோசித்தான். பிறகு அவன் முகம் தெளிந்தது. "முதல் ஸ்க்ரீன்ல எழுத்து வராம ஒரு படம் போட்டு மறைக்கலாம் மாமா. எங்க போர்டுல அதுக்கு வழி கீது. சாமி படமா போட்டுடறேன். முருகரு. வேலோட. அக்காவும் சந்தோசப்படும், நம்பரும் தெரியாது."

நான் அப்பன் முருகன் பேரைச் சொல்லி எழுந்து வந்திருக்கவேண்டும். பொய்யை மூடுவதற்கு அவன் உருவமா என்று கேட்டிருக்கவேண்டும். அவள் சிவந்த விரல்கள்தான் கண்ணில் நின்றன. "சரி" என்றேன். டீ ஆறிவிட்டது, அதைக் குடித்தேன்.

மறுநாள் வந்து செய்தான். மனைவியைத் தேங்காய் உடைக்கச் சொல்லிக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுச் செய்தோம், இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி. அவள் திரும்பி வந்ததும் ஸ்விட்சைப் போட்டான். கறுப்புத் திரை வரவில்லை. நீலமும் வரவில்லை. மயிலும் வேலுமாக முருகன் வந்து நின்றான். அவள் "முருகா" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தாள். தேங்காய் மூடி கையிலிருந்து நழுவி உருண்டது.

அதன் பிறகு அந்த மிஷின் நிற்கவே இல்லை. சித்திரை வெயிலிலும் ஓடியது, கத்திரியிலும் ஓடியது. அவள் வருகிற பையன்களிடமெல்லாம் சொன்னாள், "முருகன் சரி பண்ணாருப்பா." காலையில் குங்குமம் வைப்பாள், ஸ்விட்சைப் போடுவாள், முருகன் வருவான், கும்பிடுவாள். என்னையும் கூப்பிடுவாள், "வந்து கும்பிடுங்க, மறைஞ்சிடப் போறாரு." நான் போய்ப் பக்கத்தில் நிற்பேன். அந்தப் படத்துக்குப் பின்னால் 300 என்ற எண் ஓடிக்கொண்டிருப்பது எனக்கு மட்டும் தெரியும். முருகன் என்னைப் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியாமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு கும்பிடுவேன். நின்று நின்று போன மிஷின் சரியாகிவிட்டது. நான்தான் நின்றுபோயிருந்தேன். வைகாசி, ஆனி என்று நாள் போகப் போக ஒவ்வொரு தாளாகக் கிழிப்பதே பயமாக இருந்தது. ஒவ்வொரு தாளும் ஆடிக் கிருத்திகைக்கு ஒரு நாள் கிட்டே.

"முடி குடுக்கணுமா? வேற எதுனா நேந்துக்கலாமே" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

"அவரு நான் கேட்டபடி பண்ணிட்டாரு. நான் பண்ணாம ஏமாத்தச் சொல்றீங்களா?" என்றாள்.

ஏமாற்று என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

ஆடிக் கிருத்திகை அன்று மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் கிளம்பினோம். திருத்தணியில் மலையடிவாரம் முழுக்க மஞ்சள் சேலையும் காவடியுமாக இருந்தது. அரோகரா சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. முடி இறக்குகிற இடத்தில் வரிசை வளைந்து வளைந்து நின்றது. எங்களுக்கு முன்னால் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். அவள் கொண்டையை அவிழ்த்தாள். முடி முதுகில் விழுந்து இடுப்பைத் தாண்டியது. அதை ஒரு தடவை முன்னால் இழுத்துத் தடவிப் பார்த்துவிட்டுப் பின்னால் போட்டாள். அவ்வளவுதான் செய்தாள். என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"தோ பாரு, போவ வேணாம்" என்றேன். "முருகன் சரி பண்ணல. நாங்க பண்ணோம்."

வரிசையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முந்நூறு, ஜம்பர், டீக்கடை, படம். சுற்றிலும் அரோகரா. ஒவ்வொரு ஆளாகக் குறைந்தார்கள். அவள் முன்னால் பார்த்துக்கொண்டே நகர்ந்தாள். நான் பேசி முடித்தபோது எங்களுக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள்.

"அந்தப் பையனோட ப்ராஜெக்ட். அட்டவணை போட்ட பக்கம். நாலு தபா அடிச்சனே, அப்போ உனுக்குத் தெரியுமா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னை 'நீ' என்று சொன்னதில்லை.

"தெரியும்" என்றேன்.

"பக்கத்துல நின்னு விசிறிகினு இருந்த."

"ஆமா."

"என் கை ராசி இல்லன்னு சொன்னேன். அப்பவும் கேட்டுகினு நின்ன."

எங்கள் முறை வந்தது. நாவிதர் பலகையைக் காட்டினார். நான் அவள் தோளைப் பிடித்தேன். "வேணாம். பொய்க்கு எதுக்கு முடி?"

அவள் என் கையை எடுத்துவிட்டாள். "மிஷின் ஓடணும்னுதான் வேண்டிக்கினேன். நானூத்தைம்பதுல ஓடணும்னு வேண்டல. ஓடிச்சில்ல?" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள்.

தண்ணீர் தெளித்தார்கள். முடி கற்றை கற்றையாக விழுந்தது. பக்கத்துப் பலகை காலியானதும் போய் உட்கார்ந்து நானும் தலையைக் கொடுத்தேன். அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். சந்தனம் பூசிய இரண்டு மொட்டைத் தலைகளோடு மலையேறிக் கும்பிட்டோம். பல மாதம் கழித்து அன்றுதான் முருகன் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். திரும்புகிற பஸ்ஸில் பூந்தமல்லி வரை அவள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை இதுதான்: "சாமிய அங்கேர்ந்து எடுக்கச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். அக்காவின் தலையைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். என்னைப் பார்த்தான், என் தலையைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது.

"முந்நூறுன்னு சொல்லிக் குடுத்திருந்தா வேணாம்னு சொல்லியிருப்பனாடா?" என்றாள் அவள். "மூணு தட்டு எடுத்துகினு வந்தப்போ உன்ன நான் இன்னா சொன்னேன்? அழுவாத, நல்லாத்தான் கீதுன்னேன்."

அவன் வாசலிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். அவள் உள்ளே போய் அவனுக்குச் சோறு போட்டு எடுத்து வந்தாள். அவன் சாப்பிட்ட பிறகுதான் பெட்டியில் கை வைக்க விட்டாள். படம் போனது. கறுப்புத் திரை திரும்பி வந்தது. 300.

அந்த மாதமே என் அக்கா வந்திருந்தபோது இவளே முந்திக்கொண்டு சொன்னாள். "முந்நூறுதான் அண்ணி. அவனால அவ்ளோதான் முடிஞ்சிது. ஆனா நிக்காம ஓடுது, பாருங்க." அக்காவுக்கு முந்நூறும் தெரியாது, நானூற்றைம்பதும் தெரியாது. மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டு, "வெயிலுக்கு நல்லதுதான்" என்றாள்.

என் கணக்கு மட்டும் பாக்கி இருந்தது. தம்பியை ஒரு வேளைச் சோற்றில் மன்னித்தவள் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். ஒரு மத்தியானம் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காரு."

உட்கார்ந்தேன். கையெழுத்தில் இருந்த ஒரு பக்கத்தை எனக்கு முன்னால் வைத்தாள். அந்தப் பையன் விட்டுப்போன அதே பக்கம். நடுவில் பெரிய அட்டவணை. எடுத்து வைத்திருந்தாள்.

"அடி. நாலு தபா. சேவ் பண்ணாத, முடிச்சதும் அழிச்சிட்டு மறுக்க அடி."

எனக்கு இரண்டு விரல்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். அட்டவணையில் ஒரு கோடு சரியாக வந்தால் அடுத்தது தப்பும். முதல் தடவை முடிக்க ஒன்றரை மணி நேரமானது. அதை என் கையாலேயே அழித்தேன். இரண்டாவது தடவை கழுத்து பிடித்துக்கொண்டது. மிஷின் இப்போதாவது நின்று தொலைக்காதா என்று இருந்தது. வெளியே நல்ல வெயில். முந்நூறு ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மூன்றாவது தடவை பாதியில் தலையில் காற்று பட்டது. மொட்டைத் தலைக்குக் காற்று எங்கிருந்து வந்தாலும் தெரியும். திரும்பிப் பார்த்தேன். அவள் விசிறியோடு நின்றிருந்தாள்.

"திரும்பாதீங்க" என்றாள். "இன்னும் ஒண்ணரை தபா கீது."